அமெரிக்க அதிபரின் அமைச்சரவை: ஆளைத் தேடுவது முதல் வீட்டுக்கு அனுப்புவது வரை ஒரு முழு வழிகாட்டி

2025 ஜனவரி 20 அன்று மார்க்கோ ரூபியோவை வெளியுறவு அமைச்சராக ஏற்றுக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் வாக்களித்தது. ஆதரவு 99, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. நான்கு நாள் கழித்து அதே செனட், அதே அதிபர் டிரம்ப் முன்மொழிந்த பீட் ஹெக்சேத்தைப் பாதுகாப்பு அமைச்சராக்க வாக்களித்தபோது 50-க்கு 50 என்று முட்டி நின்றது. துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வந்து தன் வாக்கைப் போட்ட பிறகே அவருக்குப் பதவி கிடைத்தது.

ஒருவருக்குக் கதவு தானாகத் திறக்கிறது, இன்னொருவர் முட்டித் திறக்க வேண்டியிருக்கிறது. இது ஏன் என்று புரிந்துகொள்ள, ஓர் அமெரிக்க அதிபர் தன் அமைச்சர்களைத் தேடத் தொடங்கும் நாளிலிருந்து வர வேண்டும். அந்தப் பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம். அமெரிக்கச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை

நமக்குப் பழக்கமான நாடாளுமன்ற முறையில் அமைச்சர் சட்டமன்ற உறுப்பினராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருக்க வேண்டும். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்கும். அமெரிக்காவில் இரண்டுமே கிடையாது. அங்கே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே தடுக்கிறது. ரூபியோ தன் புளோரிடா செனட் இடத்தை விட்டுவிட்டுத்தான் போனார். கூட்டுப் பொறுப்பும் இல்லை. நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபர் என்ற ஒரே ஆளிடம் இருக்கிறது.

அமைச்சரவை என்ற அமைப்பை அமெரிக்க அரசியல் சாசனம் உருவாக்கவேயில்லை. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்து மூலம் கருத்துக் கேட்கலாம் என்று இரண்டாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். ஜார்ஜ் வாஷிங்டன் அதை வைத்துத் தொடங்கினார். அவருக்கு இருந்தது நான்கே பேர்: வெளியுறவுக்கு தாமஸ் ஜெபர்சன், நிதிக்கு அலெக்சாண்டர் ஹாமில்டன், போர்த் துறைக்கு ஹென்றி நாக்ஸ், அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலாக எட்மண்ட் ராண்டால்ப். 1793 ஏப்ரலில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடந்த போரில் அமெரிக்கா என்ன நிலை எடுப்பது என்ற சிக்கல் வந்தபோது, வாஷிங்டன் 13 கேள்விகளை எழுதி நால்வருக்கும் அனுப்பி, மறுநாள் கூடிப் பேசினார். சில நாளில் நடுநிலைப் பிரகடனம் வந்தது. ஜெபர்சனும் ஹாமில்டனும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் இருவரையும் ஒரே மேசையில் வைத்திருந்தார்.

இன்று துறைகள் 15. கடைசியாகச் சேர்ந்தது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. துணை அதிபரும் அமைச்சரவையில் உண்டு. இவர்களைத் தவிர, ஐ.நா. தூதர், பட்ஜெட் அலுவலக இயக்குநர், வர்த்தகப் பிரதிநிதி, சி.ஐ.ஏ. இயக்குநர் போன்றவர்களுக்கு அமைச்சர் தகுதி கொடுப்பதும் எடுப்பதும் அந்தந்த அதிபரின் விருப்பம்.

படி 1: தேர்தலுக்கு முன்பே தொடங்குவது

நவம்பர் முதல் வாரத்தில் தேர்தல், ஜனவரி 20 அன்று பதவியேற்பு. இடையில் இருப்பது சுமார் பதினோரு வாரம்தான். அதற்குள் நிரப்ப வேண்டிய அரசியல் நியமனங்கள் சுமார் 4,000. அதில் ஏறக்குறைய 1,300 பதவிகளுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். ஆகவே வெற்றி தெரிந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. இரு கட்சி வேட்பாளர்களும் கோடைக்காலத்திலேயே ஒரு சிறிய குழுவை அமர்த்திப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறார்கள். முன்பெல்லாம் இதை வெளியே சொல்லவே தயங்குவார்கள். ஜெயிக்கும் முன்பே நாற்காலி போடுகிறார் என்று எதிர்க்கட்சி பேசுமே என்ற பயம். 2010-இல் வந்த சட்டம் தேர்தலுக்கு முன்பே அரசு அலுவலக இடமும் உதவியும் தர வழி செய்தது. அதன் பிறகு அந்தத் தயக்கம் குறைந்தது.

ஆட்சி மாற்றத்துக்கான அடிப்படைச் சட்டம் 1963-இல் வந்தது. அதன்படி, யார் வென்றார் என்பதைப் பொதுச் சேவை நிர்வாகம் என்ற அமைப்பு அங்கீகரித்தால்தான் புதியவரின் குழு அரசுத் துறைகளுக்குள் நுழைய முடியும். 2000-இல் புளோரிடா மறு எண்ணிக்கை வழக்கு டிசம்பர் வரை இழுத்தது. புஷ் நிர்வாகத்தின் பாதுகாப்பு நியமனங்கள் அதனால் தாமதமானதை 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை விசாரித்த ஆணையம் குறிப்பிட்டுச் சொன்னது. 2020-இல் ஜோ பைடனுக்கு அந்த அங்கீகாரம் நவம்பர் 23 வரை கிடைக்கவில்லை. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: தேர்தல் முடிந்து ஐந்து நாளில் யாரும் தோல்வியை ஒப்புக்கொள்ளாவிட்டால் இரு தரப்புக்குமே உதவி கிடைக்கும்.

படி 2: அமைச்சர்களுக்கு முன் வெள்ளை மாளிகை

செய்தியில் அமைச்சர் பெயர்களுக்குத்தான் பரபரப்பு. ஆனால் அனுபவமுள்ள அதிபர்கள் முதலில் அறிவிப்பது வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியை, அதாவது சீஃப் ஆஃப் ஸ்டாஃபை. ஒபாமா 2008-இல் தேர்தல் முடிந்த இரண்டாம் நாளே ராம் இமானுவேலை அறிவித்தார். டிரம்பும் 2024-இல் இரண்டாம் நாளே சூசி வைல்ஸை அறிவித்தார். அதிபரின் அறைக்குள் யார் போகலாம், எந்தத் தாள் அவர் மேசைக்கு வரும் என்பதை முடிவு செய்கிறவர் இவர். செனட் ஒப்புதலும் தேவையில்லை.

இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். அமைச்சரவைதான் ஆட்சி நடத்தும் என்று நம்பிய ஜிம்மி கார்ட்டர் இரண்டரை ஆண்டு காலம் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் பதவியையே நிரப்பவில்லை. 1979-இல் ஹாமில்டன் ஜோர்டனை அமர்த்த வேண்டியதாயிற்று. 1992-இல் பில் கிளிண்டன் அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே வாரங்களைச் செலவிட்டு வெள்ளை மாளிகைப் பணியாளர்களைக் கடைசியில் அவசரமாக அமர்த்தினார். அவருடைய முதல் ஆண்டின் குழப்பங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுப்பது

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. எழுதாத விதிகள் பல உண்டு. விவசாயத் துறைக்கு விவசாய மாநிலத்துக்காரர், அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறைக்கு மேற்கு மாநிலத்துக்காரர், தேர்தலில் தோள் கொடுத்த ஆளுநருக்கு ஏதாவது ஒரு துறை, கட்சியின் ஒவ்வொரு அணிக்கும் ஒரு முகம். எழுதிய விதிகளும் உண்டு. இராணுவ அதிகாரியாக இருந்தவர் ஓய்வுபெற்று ஏழு ஆண்டு ஆகாமல் பாதுகாப்பு அமைச்சராக முடியாது; ஜெனரல் தரத்தில் இருந்தவர்களுக்கு இப்போது அது பத்து ஆண்டு. 1950-இல் ஜார்ஜ் மார்ஷல், 2017-இல் ஜிம் மாட்டிஸ், 2021-இல் லாய்ட் ஆஸ்டின் ஆகியோருக்காகக் காங்கிரஸ் விதிவிலக்குச் சட்டம் போட்டது. மார்ஷல் காலத்தில் அந்த இடைவெளி எல்லோருக்குமே பத்து ஆண்டாக இருந்தது; மாட்டிஸ், ஆஸ்டின் காலத்தில் ஏழு. கென்னடி 1961-இல் தன் தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரல் ஆக்கினார். 1967-இல் வந்த சட்டம் உறவினர் நியமனத்தைத் தடுத்தது.

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஒரு செனட்டரை அமைச்சராக எடுத்தால் அவருடைய இடம் காலியாகும். பெரும்பாலான மாநிலங்களில் அதை ஆளுநர் தற்காலிகமாக நிரப்புவார். ஆளுநர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் செனட்டில் ஓர் இடம் கை மாறலாம். எவ்வளவு தகுதியான செனட்டராக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகப் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடும்.

சரி, இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் அதிபர் எதைப் பார்க்க வேண்டும்? என் கருத்து உறுதியானது: முகத்துக்கு நேராக மறுத்துப் பேசக்கூடியவரா, மறுத்த பிறகு முடிவை மதித்து வேலை செய்யக்கூடியவரா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஆபிரகாம் லிங்கன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1860-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பதவிக்குத் தன்னோடு போட்டியிட்ட வில்லியம் சீவர்ட், சால்மன் சேஸ், எட்வர்ட் பேட்ஸ், சைமன் கேமரன் ஆகிய நால்வரையும் அமைச்சராக்கினார். போர்த் துறையில் கேமரன் சரிப்பட்டு வராதபோது 1862 ஜனவரியில் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டு எட்வின் ஸ்டான்டனைக் கொண்டுவந்தார். ஸ்டான்டன் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். 1855-இல் சின்சினாட்டியில் நடந்த ஒரு காப்புரிமை வழக்கில் லிங்கனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஒதுக்கியவர். லிங்கன் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உள்நாட்டுப் போரின் நிர்வாகத்தைத் தூக்கிச் சுமந்தவர் அந்த ஸ்டான்டன்தான்.

பதவியை ஏற்கும் முன் நிபந்தனை போட்டவர்களையும் கவனிக்க வேண்டும். 1933 பிப்ரவரியில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பிரான்சிஸ் பெர்கின்ஸைத் தொழிலாளர் துறைக்கு அழைத்தார். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் தடை, வேலையிழப்பு உதவி, முதியோர் காப்பீடு, மருத்துவக் காப்பீடு என்று ஒரு பட்டியலோடு போனார். இதற்கெல்லாம் ஆதரவு தருவீர்கள் என்றால் வருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அவர். ரூஸ்வெல்ட் ஆட்சி முழுக்க, 12 ஆண்டுக்கு மேல், பதவியில் இருந்தார். 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இல் கூலி, வேலை நேரச் சட்டமும் வந்தன. பட்டியலில் மருத்துவக் காப்பீடுதான் பெரிதாக விடுபட்டது. அமெரிக்க வரலாற்றில் ஓர் அமைச்சர் தன் கையில் கொண்டுபோன தாளை இவ்வளவு தூரம் நிறைவேற்றிக் காட்டியது அபூர்வம்.

ராபர்ட் மெக்னமாராவின் கதை வேறு மாதிரி. ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குடியரசுக் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர். கென்னடி அழைத்தபோது, தன் துறையின் அதிகாரிகளைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்ற நிபந்தனையை எழுதிக் கொண்டுபோனார். கென்னடி ஏற்றார். பிறகு ரூஸ்வெல்ட்டின் மகனைக் கடற்படைச் செயலாளராக்க அதிபர் விரும்பியபோது மெக்னமாரா மறுத்துவிட்டார். ஜான் கானலி அந்தப் பதவிக்கு வந்தார். இதை 2017-ஓடு ஒப்பிடுங்கள். வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் தனக்குத் துணையாக எலியட் ஆப்ரம்ஸ் வேண்டும் என்று கேட்டார். டிரம்ப் மறுத்தார். டில்லர்சனின் துறைக்குள் அவருக்கு எவ்வளவு பிடி இருக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கவனிக்க: ஓர் அமைச்சரின் பெயர் வந்ததும் அடுத்து அவருடைய துணை அமைச்சர் யார், அவரை யார் தேர்ந்தெடுத்தார் என்று தேடிப் பாருங்கள். அந்த அமைச்சரின் உண்மையான பலம் அதில் தெரியும்.

படி 4: அலசிப் பார்ப்பது

பெயர் முடிவான பிறகு எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை நடக்கும். எங்கெல்லாம் வசித்தார், யாரோடு பழகினார், வெளிநாட்டுத் தொடர்பு என்ன என்று கேட்கும் மிக நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். 1978-ஆம் ஆண்டு அரசு நெறிமுறைச் சட்டத்தின்படி சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். துறையோடு மோதும் முதலீடுகளை விற்க வேண்டும். எக்ஸான்மொபில் தலைவராக இருந்த டில்லர்சன், தனக்கு வர வேண்டியிருந்த சுமார் 18 கோடி டாலர் ஓய்வுக்காலப் பங்குப் பலனைத் தனி அறக்கட்டளைக்கு மாற்றச் செய்துவிட்டுத்தான் வந்தார். இப்படி விற்பவர்களுக்கு வரியைத் தள்ளிப்போடும் சலுகை ஒன்று உண்டு. 2006-இல் நிதி அமைச்சரான ஹென்றி பால்சன் தன் கோல்ட்மேன் சாக்ஸ் பங்குகளை அப்படித்தான் விற்றார்.

இந்தப் படியில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் விழுகிறார்கள். 1993-இல் கிளிண்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஸோயி பெய்ர்ட், உரிய ஆவணமில்லாத குடியேறிகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்தார், அவர்களுக்கான வரியும் கட்டவில்லை. விலக வேண்டியதாயிற்று. கடைசியில் அந்தப் பதவிக்கு வந்த ஜேனட் ரீனோ அமெரிக்காவின் முதல் பெண் அட்டர்னி ஜெனரல் ஆனார். 2009-இல் ஒபாமா சுகாதாரத் துறைக்கு நினைத்திருந்த டாம் டாஷல் செனட்டின் முன்னாள் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், எல்லோருக்கும் வேண்டியவர். கார் வசதி ஒன்றுக்கு வரி கட்டாமல் விட்டதும் வேறு சில வரி பாக்கிகளும் வெளியே வந்தன. பிப்ரவரி 3 அன்று விலகினார்.

படி 5: செனட்

ஒவ்வொரு பெயரும் அதற்குரிய செனட் குழுவுக்குப் போகும். வெளியுறவு அமைச்சர் என்றால் வெளியுறவுக் குழு, நிதி அமைச்சர் என்றால் நிதிக் குழு, அட்டர்னி ஜெனரல் என்றால் நீதித்துறைக் குழு. பொது விசாரணைக்கு முன் வேட்பாளர் செனட்டர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். கூடவே வழிகாட்ட அனுபவசாலி ஒருவர் வருவார். மூடிய அறையில் ஒத்திகை விசாரணையும் நடக்கும். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இதன் கடைசிப் பகுதி.

2013 நவம்பர் வரை, இழுத்தடிக்கும் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன. அன்று ஜனநாயகக் கட்சி விதியை மாற்றியது. இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். விளைவு கண்முன் இருக்கிறது. எதிர்க்கட்சியில் ஒருவரைக்கூடச் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியம் அதிபருக்கு இல்லை. 2017-இல் கல்வி அமைச்சர் பெட்ஸி டிவோஸ், துணை அதிபரின் வாக்கால் வென்ற முதல் அமைச்சர் ஆனார். ஹெக்சேத் இரண்டாமவர். அவருக்கு எதிராகச் சொந்தக் கட்சியிலேயே சூசன் காலின்ஸ், லிசா முர்கௌஸ்கி, மிட்ச் மெக்கானல் என்று மூவர் வாக்களித்தார்கள். நான்காவதாக ஒருவர் சேர்ந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். ரூபியோவோ செனட்டில் 14 ஆண்டு உட்கார்ந்தவர். வாக்களித்தவர்கள் எல்லோரும் அவரோடு பழகியவர்கள். முதல் பத்தியில் சொன்ன வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இது.

செனட் நேரடியாக வாக்களித்து நிராகரித்தது இதுவரை ஒன்பது பேரைத்தான். முதலாமவர் 1834-இல் ரோஜர் டேனி, கடைசி 1989-இல் ஜான் டவர். டவரே முன்னாள் செனட்டர். குடிப்பழக்கம் பற்றிய புகார்களும் பாதுகாப்புத் தளவாட நிறுவனங்களோடு இருந்த தொடர்பும் சேர்ந்து 47-க்கு 53 என்று தோற்றார். அந்த இடத்துக்கு டிக் செய்னி வந்தார். பின்னாளில் அவர் துணை அதிபர் வரை போனார். 1843-இல் கேலப் குஷிங்கை ஒரே நாளில் மூன்று முறை முன்மொழிந்து மூன்று முறையும் தோற்றார் அதிபர் டைலர். 1925-இல் சார்லஸ் வாரனுக்கு வாக்குகள் சமமாக விழுந்த நேரத்தில், சமன் உடைக்க வேண்டிய துணை அதிபர் டாஸ் தன் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

ஒன்பது என்ற எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால், காரணம் எளிது: தோற்கப் போகிறவர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிடுவார்கள். 2024 நவம்பரில் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அறிவிக்கப்பட்ட மேட் கேட்ஸ் எட்டாம் நாள் விலகினார். ஆகவே செனட்டின் பலத்தை வாக்கெடுப்பில் மட்டும் தேடக் கூடாது.

செனட்டைச் சுற்றிப் போகும் வழி ஒன்றும் இருக்கிறது: தற்காலிக அமைச்சர். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 210 நாள் வரை ஒருவரைப் பொறுப்பில் வைக்க அனுமதிக்கிறது. புதிய ஆட்சியின் தொடக்கத்தில் இன்னும் அதிகம். டிரம்ப் தன் முதல் ஆட்சியில் இதை வெளிப்படையாகவே விரும்பினார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் சாட் வுல்ஃப் பொறுப்பேற்ற முறை சட்டப்படி செல்லாது என்று 2020 ஆகஸ்டில் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு சொன்னது. பைடன் ஆட்சியிலும் இது நடந்தது. ஜூலி சூ செனட் ஒப்புதல் கிடைக்காமலேயே 2023 மார்ச்சிலிருந்து ஆட்சி முடியும் வரை தொழிலாளர் துறையை நடத்தினார். அந்தத் துறைக்கென்று தனியாக இருக்கும் சட்டம் 210 நாள் வரம்பிலிருந்து வழி கொடுத்தது. எந்தக் கட்சி செய்தாலும் இது தவறான பழக்கம் என்பதே என் எண்ணம். செனட் முன் உட்கார்ந்து பதில் சொல்லாத ஒருவர் லட்சக்கணக்கான ஊழியர்களை நடத்தக் கூடாது.

படி 6: வேலை வாங்குவது

வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில் அமைச்சரவை அறை. நிக்சன் 1970-இல் கொடுத்த நீள்வட்ட மஹாகனி மேசை. அதன் ஒரு பக்கத்தின் நடுவில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, அதிபர் உட்காருவார். வலப்பக்கம் வெளியுறவு அமைச்சர், இடப்பக்கம் பாதுகாப்பு அமைச்சர், எதிரே துணை அதிபர். துறை உருவான வரிசைதான் இருக்கை வரிசை. விலகும்போது அமைச்சர் தன் நாற்காலியை வாங்கிக்கொண்டு போகலாம்.

இந்த அறையில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுவது அரிது. வாக்கெடுப்பு என்பதே இல்லை. ஒருவேளை நடந்தாலும் அது அதிபரைக் கட்டுப்படுத்தாது. 1862 ஜூலை 22 அன்று லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் வாசித்தார். முடிவு எடுத்தாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தபால் துறைத் தலைவர் மாண்ட்கோமரி பிளேர் தேர்தலில் அடி விழும் என்று எச்சரித்தார். லிங்கன் அதை ஏற்கவில்லை. சீவர்ட் வேறு ஒன்று சொன்னார்: போரில் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளியிட்டால் கடைசி மூச்சுக் கூக்குரல் போலத் தெரியும், ஒரு வெற்றிக்குக் காத்திருங்கள். இது லிங்கன் யோசித்துப் பார்க்காத கோணம். வரைவை மேசைக்குள் வைத்துவிட்டார். செப்டம்பர் 17 அன்று நடந்த ஆன்டீட்டம் போருக்குப் பின் எதிரி பின்வாங்கினான். 22-ஆம் தேதி பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளியானது. முடிவு அதிபருடையது, நேரம் அமைச்சருடையது. அமெரிக்க அமைச்சரவை நன்றாக வேலை செய்யும்போது இப்படித்தான் செய்யும்.

முழு அமைச்சரவையை உண்மையிலேயே பயன்படுத்தியவர் ஐசனோவர். கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல், முன்கூட்டியே தாள்கள், எடுத்த முடிவுகளின் பதிவு என்று இதற்கெனவே ஒரு செயலகம் வைத்தார். கென்னடிக்கு அதில் நம்பிக்கையில்லை. தன் துறைக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டு அமைச்சர்கள் உட்கார்ந்திருப்பது வீண் என்று நினைத்தார். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தெரியவந்தபோது, தேவையானவர்களை மட்டும் கூட்டி ஒரு குழு அமைத்தார். பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சர்களோடு நிதி அமைச்சர் டில்லனும் அட்டர்னி ஜெனரலான தம்பியும் அதில் இருந்தார்கள். சோவியத் தலைவர்களை நேரில் அறிந்த லெவெலின் தாம்சன் அமைச்சரே அல்ல. ஆனாலும் அவர் பேச்சுக்கு எடை இருந்தது. சில கூட்டங்களுக்கு அதிபரே வரவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. முதல் நாட்களில் குண்டு வீசலாம் என்ற பக்கம் சாய்ந்த குழு, சில நாட்களில் கடல் தடுப்புக்கு வந்து சேர்ந்தது. விவாதிக்க நேரம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இன்று பெரும்பாலான கொள்கை வேலை மன்றங்கள் வழியாக நடக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய தேசியப் பாதுகாப்பு மன்றம் முதலாவது. கிளிண்டன் 1993-இல் தேசியப் பொருளாதார மன்றத்தை உருவாக்கினார். கீழ் நிலையில் அதிகாரிகள், அடுத்து துணை அமைச்சர்கள், அதன் மேல் அமைச்சர்கள், கடைசியில் அதிபர் என்று ஒரு பிரச்சினை படியேறி வரும். இந்த மன்றங்களை நடத்துகிறவர்கள் வெள்ளை மாளிகை ஊழியர்கள். அதனால்தான் தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் அடிக்கடி உரசல் வருகிறது. நிக்சன் காலத்தில் ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சர் சீனாவுக்கு ரகசியமாகப் போய் வந்தார். வெளியுறவு அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸ் ஓரங்கட்டப்பட்டார். 1973-இல் கிசிஞ்சர் இரண்டு பதவியையும் சேர்த்தே வகித்தார்.

பணமும் விதிகளும் வேறு வழியில் கட்டுப்படுகின்றன. ஒரு துறை எவ்வளவு கேட்கலாம் என்பதை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் வெட்டிச் சுருக்கும். முக்கியமான புதிய விதி எதுவானாலும் வெளியிடும் முன் அதே அலுவலகம் அலசும். இந்த நடைமுறையை 1981-இல் ரீகன் உறுதிப்படுத்தினார். ஆனால் பணத்தைக் கடைசியில் ஒதுக்குவது காங்கிரஸ். துறையை உருவாக்குவதும் மூடுவதும்கூட அதன் சட்டத்தால்தான். ஆகவே ஓர் அமைச்சருக்கு முதலாளி ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், தினமும் கூட இருப்பவர்கள் துறையின் நிரந்தர ஊழியர்கள். மூன்று பக்கமும் இழுபடாத அமைச்சர் யாரும் இல்லை.

மெக்னமாராவிடம் திரும்பி வர வேண்டும். நிபந்தனையோடு உள்ளே வந்த அதே மனிதர், கென்னடிக்குப் பின் வந்த லிண்டன் ஜான்சன் ஆட்சியில் வியட்நாம் போரை விரிவாக்கியவர். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. 1967 நவம்பர் 1 அன்று, குண்டுவீச்சை நிறுத்தலாம், படைகளைக் கூட்ட வேண்டாம் என்று அதிபருக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஜான்சன் அவருக்குப் பதில் தரவில்லை. அந்த மாத முடிவிலேயே அவர் உலக வங்கிக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. உள்ளே மறுத்துப் பேச ஆள் இருந்தும் அது காதில் ஏறவில்லை. அதன் விலையை வியட்நாமியர்களும் அமெரிக்க இளைஞர்களும் இன்னும் பல ஆண்டு கொடுத்தார்கள்.

படி 7: அனுப்புவது

செனட் ஒப்புதல் கொடுத்தால்தான் நியமிக்கலாம். நீக்குவதற்கு அது வேண்டாம். இது எளிதில் முடிவான விஷயமில்லை. ஸ்டான்டனை நீக்கியதற்காகத்தான் 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது பதவி நீக்க வழக்கு வந்தது. தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வாக்குகள் வேண்டும்; விழுந்தது 35-க்கு 19, ஒரே வாக்கில் தப்பினார். 1926-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தபால் அலுவலரின் வழக்கில், நிர்வாக அதிகாரிகளை நீக்கும் உரிமை அதிபருக்கே என்று தீர்ப்பளித்தது.

நீக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். 1979 ஜூலையில் கார்ட்டர் எல்லா அமைச்சர்களிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டு, ஐந்து பேரை வெளியேற்றினார். நாடு அதை ஆட்சியே ஆட்டம் காண்பதாகப் பார்த்தது. 2018 மார்ச்சில் டில்லர்சனின் நீக்கத்தை டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தார். தானாக விலகுவதும் ஓர் ஆயுதம். 1973 அக்டோபர் 20 இரவு, வாட்டர்கேட் ஊழலை விசாரித்த வழக்கறிஞரை நீக்கச் சொன்ன நிக்சனின் உத்தரவை ஏற்க மறுத்து அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் விலகினார். துணையாக இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்து வெளியேறினார். நிக்சன் வீழ்ச்சியின் வேகம் அன்றிரவு கூடியது. காங்கிரஸும் அமைச்சர்மீது குற்றம் சாட்டலாம்: 1876-இல் வில்லியம் பெல்நாப், 2024-இல் அலெஹாண்ட்ரோ மயோர்காஸ். இருவரையும் செனட் தண்டிக்கவில்லை.

அதிபர் பதவிக்கே ஆபத்து வரும்போது

அமைச்சரவைக்குச் சட்டப்படி தனி அதிகாரம் கிடைக்கும் ஒரே இடம் 1967-இல் வந்த, அரசியல் சாசனத்தின் 25-ஆவது திருத்தம். அதிபரால் கடமையைச் செய்ய முடியவில்லை என்று துணை அதிபரும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையினரும் எழுதிக் கொடுத்தால், துணை அதிபர் உடனே பொறுப்பேற்பார். இந்த நான்காம் பிரிவு இதுவரை பயன்படவில்லை. அதிபரே விரும்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் மூன்றாம் பிரிவு பயன்பட்டிருக்கிறது. 2021 நவம்பர் 19 அன்று பைடன் மயக்க மருந்தின் கீழ் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 85 நிமிடம் அதிபர் அதிகாரத்தை ஏற்றிருந்தார். அந்த அதிகாரம் ஒரு பெண்ணிடம் இருந்தது அதுவே முதல் முறை.

பதவி வாரிசு வரிசையில் துணை அதிபர், பிரதிநிதிகள் சபைத் தலைவர், செனட்டின் தற்காலிகத் தலைவர் ஆகியோருக்குப் பிறகு அமைச்சர்கள் துறை வரிசைப்படி வருவார்கள். ஜெர்மனியில் பிறந்த கிசிஞ்சருக்கும் பிராகில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டுக்கும் அந்த வரிசையில் இடமில்லை, அதிபராகப் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதால். ஆண்டுதோறும் அதிபர் காங்கிரஸில் உரை நிகழ்த்தும் இரவில் ஓர் அமைச்சர் மட்டும் வேறிடத்தில் பாதுகாப்பாக இருப்பார். எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது எதுவும் நடந்துவிட்டால் ஆட்சியை எடுத்து நடத்த.

அடுத்த நியமனத்தை நீங்களே தொடர

காங்கிரஸின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு நியமனத்துக்கும் ஒரு எண் இருக்கும். எந்தக் குழுவில் நிற்கிறது, எப்போது வாக்கெடுப்பு, யார் எப்படி வாக்களித்தார் எல்லாம் அதில் இலவசம். அரசு நெறிமுறை அலுவலகம் வேட்பாளரின் சொத்து அறிக்கையை வெளியிடுகிறது. எந்தப் பங்கை விற்கிறார், எதிலிருந்து ஒதுங்கி நிற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதை அதில் படிக்கலாம். குழு விசாரணைகளை சி-ஸ்பான் தொலைக்காட்சி முழுதாக ஒளிபரப்புகிறது. முழு விசாரணை பார்க்க நேரமில்லை என்றால், அதிபரின் சொந்தக் கட்சி செனட்டர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் பாருங்கள். எதிர்க்கட்சியின் வாக்குகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை; ஊசலாடுவது இந்தப் பக்கத்தில் மூன்று நான்கு பேர்தான்.